நாலாம் மாடியின் கேள்வி

“நான்தான் செஞ்சேன். எழுதிக்கிட்டுக் கிளம்புங்க.”

கதவைத் திறந்த கையோடு அந்த மனிதர் சொன்னார். பல நாள் தாடி. பொத்தான்களை மாற்றிப் போட்ட சட்டை. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

வாசலில் நின்ற நிதானம் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“வணக்கத்துக்கு முன்னாடியே வாக்குமூலமா?” என்றாள் கடுகு. “சார், ஊர்ல எல்லாரும் இப்படியே இருந்தா நம்ம தொழிலை மூடிட்டு ஜெராக்ஸ் கடை போட்டுடலாம்.”

நிதானம் துப்பறிவாளர். பஸ் கிளம்பினாலும் ஓட மாட்டார், பாம்பைப் பார்த்தாலும் குரலை உயர்த்த மாட்டார். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கடுகு அவருடைய உதவியாளர். ஆள் சின்னது. வாயைத் திறந்தால் வெடிப்பு.

கதவைத் திறந்தவரை அலுவலகத்தில் ‘பூட்டு’ என்பார்கள். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு நிலையத்தின் டேட்டாபேஸ் அவர் பொறுப்பில் இருந்தது. யார் எதைக் கேட்டாலும் ‘முடியாது’ என்பதுதான் அவர் முதல் பதில். அதனால் பூட்டு.

கொஞ்ச நாளாக அந்த நிலையத்தில் ஒரு கோளாறு. வேலை நாட்களில், மதியத்துக்கு முன்னால், திரைகள் எல்லாம் உறைந்து போய்விடும். போனை எடுப்பவர்களுக்கு எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. அப்படி உறைந்திருந்த ஒரு முற்பகலில் ஒரு தையல்காரர் தன் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் மனைவி போன் செய்தாள். வண்டி போய்ச் சேர்ந்தபோது தைத்துக்கொண்டிருந்த சட்டையின் மேலேயே அவர் தலை கிடந்தது.

விசாரணை வந்தது. பூட்டை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வேண்டுமென்றே எதையோ உள்ளே வைத்துவிட்டார் என்று டைரக்டர் நம்பினார். இன்று சாயங்காலம் போலீஸில் புகார் கொடுப்பதாக முடிவாகியிருந்தது. பூட்டின் அக்காதான் நிதானத்தைத் தேடி வந்தாள்.

“அவன் சொல்றதைக் கேட்காதீங்க சார்” என்று உள்ளேயிருந்து வந்தாள் அக்கா. “சின்ன வயசுல நான் கண்ணாடியை உடைச்சாலும் அவன்தான் முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பான். இப்பவும் அதே புத்தி.”

“சும்மா இரு, அக்கா.”

நிதானம் நாற்காலியில் உட்கார்ந்தார். “செஞ்சது நீங்கதான். ஒத்துக்கறேன். எப்படிச் செஞ்சீங்க?”

பூட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“சரி, அது வேண்டாம். அந்த டேட்டாபேஸ் என்ன வேலை செய்யுது? என்னை மாதிரி மக்குக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

தன் வேலையைப் பற்றிக் கேட்டதும் அந்த முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

“ஒரு போன் வருது. எந்த வண்டி பக்கத்துல இருக்கு? எந்த ஆஸ்பத்திரியில இடம் இருக்கு? கேள்வி சின்னது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பதில் வந்துடும். இன்னொரு வகை இருக்கு. வருஷம் முழுக்க எந்தத் தெருவுல எத்தனை பேர் விழுந்தாங்க, எதனால விழுந்தாங்கன்னு கேட்பாங்க. அதுக்கு மொத்தப் பதிவையும் புரட்டணும். ரெண்டையும் ஒண்ணா உள்ளே விட்டா, பெருசு எல்லா இடத்தையும் அடைச்சிக்கிட்டு உட்கார்ந்துடும். சின்னது வெளியே காத்துக்கிட்டு நிக்கும்.”

“அதுக்கு என்ன வழி?”

“பெரிய கேள்விக்குத் தனி வரிசை. மெஷினோட பலத்துல ஒரு ஓரம் மட்டும்தான் அதுக்கு. அளவுக்கு மேல ஓடுச்சுன்னா தானா அறுந்துடும். போன்ல வர்ற கேள்விக்குத்தான் எப்பவும் முதல் வழி. டைரக்டரே வந்து கேட்டாலும் அவ்வளவுதான். எல்லாருக்கும் ஒரே சட்டமாத்தான் இருந்துச்சு...”

சட்டென்று நிறுத்திக்கொண்டார். உள்ளே வந்த உயிர் வந்த வழியே போய்விட்டது.

“கிளம்புங்க சார். அந்தத் தையல்காரரை நான்தான் கொன்னேன். போலீஸ்லயும் இதையேதான் சொல்லப்போறேன்.”

தெருவுக்கு வந்ததும் கடுகு ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றினாள். “என்ன சார்? ஆள் ஒத்துக்கிட்டாரு. ஆனா எப்படின்னு கேட்டா பரீட்சைக்குப் படிக்காத பையன் மாதிரி ஜன்னலைப் பார்க்கறாரு.”

“இருந்துச்சு” என்றார் நிதானம்.

“எது?”

“சட்டம். ‘எல்லாருக்கும் ஒரே சட்டமாத்தான் இருந்துச்சு’ன்னார்.”

“வேலை போச்சு. அதனால எல்லாமே ‘இருந்துச்சு’தான்.”

“மத்ததெல்லாம் ‘இருக்கு’, ‘வருது’, ‘அறுந்துடும்’. வேலை போனதையே மறந்துட்டுத்தான் பேசினார். அந்த ஒரு சட்டம் மட்டும் இறந்தகாலத்துக்குப் போயிடுச்சு.”

கடுகு சுழற்றிய சாவியைப் பிடித்துக்கொண்டாள். “அப்படீன்னா யாரோ ஒருத்தருக்காகப் பூட்டைத் திறந்திருக்காரு.”

“வண்டியை எடு.”

கட்டுப்பாட்டு அறை தரைத்தளத்தில் இருந்தது. நீளமான அறை. வரிசையாகத் திரைகள், காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்ததால் யார் குரலும் யாருக்கும் பாரமாக இல்லை. டைரக்டர் அவர்களைக் கதவருகிலேயே நிறுத்தி வைத்துப் பேசினார். மடிப்புக் கலையாத சட்டை, அடிக்கடி கைக்கடிகாரத்தைத் திருகும் விரல்கள்.

“வெளியாள் யாரும் நுழையலை. நிபுணர்களை வெச்சு அலசிட்டோம். அப்போ உள்ளே இருந்தவன்தானே? சம்பளத் தகராறுல என்னோட சண்டை போட்டுட்டுப் போனவன் அவன் ஒருத்தன்தான்.”

“அவர் வீட்டுக்குப் போன பிறகும் உறைஞ்சதா?”

“தினமும்! அதான் சொல்றேன், எதையோ வெச்சிட்டுப் போயிட்டான். போகப் போக நேரமும் நீளுது.”

“ஞாயிற்றுக்கிழமை?”

“இல்லை.”

“அரசு விடுமுறைன்னா?”

டைரக்டர் யோசித்தார். “அன்னிக்கும் இல்லை.”

“பாவம், அவர் வெச்சிட்டுப் போன வெடிகுண்டுக்கும் லீவு வேணுமில்ல” என்றாள் கடுகு.

டைரக்டர் முறைத்துவிட்டுப் போனார். போனவர் இரண்டடி வைத்துத் திரும்பினார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கடிகாரத்தை ஒரு திருகு திருகிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார்.

ஓரத்து இருக்கையில் இருந்த பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுத்தர வயது. தையல்காரரின் மனைவி செய்த போனை எடுத்தவள் அவள்தான். நிதானம் பக்கத்தில் போனதும் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

“சார், அவர் மேல தப்பில்லை. தப்பு என்னுதுதான்” என்றாள். “திரை நின்னதும் வயர்லெஸ்ல ஒவ்வொரு டிரைவரா நான் கூப்பிட்டுப் பார்த்திருக்கணும். இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னு அதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்துட்டேன். அந்தம்மா போன்ல, ‘வண்டி கிளம்பிடுச்சா, கிளம்பிடுச்சா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் கிளம்பிடுச்சும்மான்னு பொய் சொன்னேன்.”

அவள் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அடுத்த போன் வந்துவிட்டது.

வெளியே வந்த கடுகு மெதுவாகச் சொன்னாள். “வழக்கமா எல்லாரும் ‘நான் இல்லை’ம்பாங்க. இங்கே ஆளாளுக்கு ‘நான்தான்’னு கையைத் தூக்கறாங்க. டைரக்டர்கூட ஏதோ விழுங்கினாரு பாத்தீங்களா?”

“பார்த்தேன். கையைத் தூக்காத ஆள் யாராவது இருக்காங்களான்னு பார்ப்போம். பெரிய பெரிய கேள்வியெல்லாம் எங்கேயிருந்து வருது?”

“நாலாம் மாடி. புள்ளிவிவரப் பிரிவுன்னு பலகையில போட்டிருக்கு.”

அந்தப் பிரிவில் மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். முப்பது வயதிருக்கும். எதிர்ச் சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். அதில் சிவப்புக் குண்டூசிகள். தாமதமாகப் போன ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குண்டூசி.

“நீங்களே குத்தினதா?” என்றார் நிதானம்.

“ஆமா சார். வண்டி ஏன் லேட்டாகுதுன்னு கண்டுபிடிக்கணும். வேற யாரும் இதைப் பண்ணலை.” அவளுடைய விரல் விசைப்பலகையை விட்டு விலகவில்லை. “எங்கப்பா போன வருஷக் கடைசியில போயிட்டார். வண்டி வந்தப்போ எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அன்னிலேருந்து தேடறேன்.”

“எங்கே தேடறீங்க?”

“எல்லாத்துலயும். முதல்ல ஒரு மாசம் எடுத்துப் பார்த்தேன். அப்புறம் ஒரு வருஷம். இப்போ இந்த நிலையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து எல்லா போனையும், எல்லா வண்டியையும், எல்லாத் தெருவையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்க்கறேன். காலையில கேள்வியைச் சரி பண்ணிடுவேன். மத்தவங்க டீக்குப் போற நேரத்துல ஓட விடுவேன். சாப்பாட்டுக்கு முன்னாடி பதில் வந்துடும்.”

“கீழே திரை உறையுதே, அது உங்களைப் பாதிக்கறது இல்லையா?”

“கேள்விப்படறேன் சார். மனசு கிடந்து அடிச்சிக்குது. அந்தத் தையல்காரருக்கும் ஊசி குத்தி வெச்சிருக்கேன், அதோ. ஆனா என் வேலைக்கு ஒண்ணும் தொந்தரவில்லை. என் பதில் வந்ததும் அதுவும் சரியாகிடும்.”

நிதானம் அவளைப் பார்த்தார். பிறகு குண்டூசிகளைப் பார்த்தார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

லிப்ட் வரவில்லை. இரண்டு பேர் ஒரு இரும்பு பீரோவை அதற்குள் திணித்துக்கொண்டிருந்தார்கள். பீரோ கதவில் மாட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு பீரோவுக்காக மொத்தக் கட்டடமும் நிக்குது” என்றாள் கடுகு. “வாங்க சார், படியில போவோம். நீங்க கீழே போய்ச் சேர்றதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆகிடும்.”

நிதானம் படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

“கடுகு, மழை விட்டதும் நீ என்ன செய்வே?”

“குடையை மடக்குவேன்.”

“‘நான் குடையை மடக்கினதும் மழை விட்டுடும்’னு யாராவது சொல்வாங்களா?”

“சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.”

“அந்தப் பொண்ணு அப்படித்தான் சொன்னா. ‘என் பதில் வந்ததும் சரியாகிடும்’னு. சரியானதும் என் பதில் வருதுன்னு சொல்லலை.”

கடுகு படியில் திரும்பி மேலே பார்த்தாள். “அப்போ திரையை உறைய வைக்கறதே அவ கேள்விதானா?”

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று நிதானம் பூட்டுக்குப் போன் போட்டார். போனைக் கடுகுக்கும் கேட்கும்படி வைத்தார்.

“நாலாம் மாடிப் பொண்ணுக்கு வரம்பை எடுத்து விட்டீங்க. இல்லையா?”

 மறுமுனையில் மூச்சு உடைந்தது.

“அப்பா செத்த மறுவாரம் வந்தா சார். என் மேஜைக்கு முன்னாடி நின்னு, ‘எனக்குக் காரணம் தெரியணும், உங்க வரம்பு பாதியிலேயே அறுத்துடுது’ன்னு அழுதா. அத்தனை வருஷத்துல யாருக்கும் நான் திறக்கலை. அவளுக்குத் திறந்தேன். ஒரு நாளைக்குன்னுதான் திறந்தேன். அவ கேள்வி பெருசாகிக்கிட்டே போச்சு. மூடப் போறப்போ அந்த முகம் ஞாபகம் வரும். நாளைக்கு மூடிக்கலாம்னு விடுவேன்.” குரல் தடுமாறியது. “அந்தத் தையல்காரர் போனப்பதான் எனக்கு உறைச்சது. மூட எழுந்தேன். அதுக்குள்ள என்னை வெளியே அனுப்பிட்டாங்க.”

“ஏன் இதைச் சொல்லலை?”

“எப்படி சார் சொல்வேன்? வண்டி ஏன் லேட்டுன்னு கேட்டுக்கிட்டிருக்கற பொண்ணுகிட்டப் போய், ‘நீ கேட்கறதாலதான் லேட்டு’ன்னு சொல்றதா? அவ தாங்க மாட்டா. அப்பாவைப் பறிகொடுத்தவ இன்னொரு வீட்டுல... வேண்டாம் சார். திறந்து விட்டது நான். உள்ளே போறது நானே போறேன். அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. உங்க காலைப் பிடிச்சிக்கறேன்.”

 நிதானம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

“டைரக்டர்கிட்ட மட்டும் பேசறேன்” என்றார் கடைசியில். “வரம்பைச் சத்தமில்லாம மறுபடி போட்டுடலாம். அந்தப் பொண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை.”

போனை வைத்தார். கடுகு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்படி முடியுமா சார்?”

“தெரியலை. முயற்சி பண்ணுவோம்.”

அவர்கள் கட்டுப்பாட்டு அறைக் கதவைத் தள்ளியபோது உள்ளே திரைகள் உறைந்திருந்தன.

ஓரத்து இருக்கைப் பெண் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள். “அண்ணே, போனை வைக்காதீங்க! சட்டையைத் தளர்த்தி விடுங்க. லேசா முன்னாடி சாஞ்சு உட்கார வைங்க. பக்கத்துலயே இருங்க!” ஒரு கையில் வயர்லெஸ். “வடக்குப் பக்கம் யார் காலியா இருக்கீங்க? யாராவது பேசுங்க!” இரண்டு டிரைவர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். இருவருமே நகரின் மறுகோடியில் இருந்தார்கள். இன்னும் யார் எங்கே என்று தெரியவில்லை. போனுக்குள் ஒரு ஆணின் குரல் அழுதது: மனைவிக்கு மூச்சு வரவில்லை, உதடு நீலமாகிறது, வண்டி எங்கே, வண்டி எங்கே.

“இன்டர்காம்ல மேலே கூப்பிடறேன்!” என்றாள் கடுகு.

“வேலை நடக்கும்போது அவங்க ரிசீவரை எடுத்துக் கீழே வெச்சிடுவாங்க!” என்றாள் அந்தப் பெண்.

கடுகு திரும்பினாள். பக்கத்தில் நிதானம் இல்லை.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. கடுகுக்கு அது யாருடைய கால் என்று ஒரு கணம் புரியவேயில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த மனிதர் ஓடி அவள் பார்த்ததில்லை. அவள் கையில் இருந்த போன் அடித்தது. “லைன்லயே இரு” என்றார் மூச்சிரைப்புக்கு நடுவே. “திரை ஓடினதும் சொல்லு.”

நாலாம் மாடியில் அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அதில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க!”

அவள் பதறித் திரும்பினாள். “சார்? இன்னும் கொஞ்சம்தான். முடியப் போகுது.”

“இப்போ நிறுத்துங்கம்மா! கீழே ஒரு உயிர் போயிட்டிருக்கு!”

என்ன, ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துப் பயந்து, ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினாள். வட்டம் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

நிதானத்தின் கையிலிருந்த போனில் கடுகின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“ஓடுது சார்! எல்லாத் திரையும் ஓடுது! பக்கத்துத் தெருவுலயே ஒரு வண்டி இருந்திருக்கு. கிளம்பிடுச்சு! கிளம்பிடுச்சு!”



அந்தப் பெண்ணின் விரல் இன்னும் அந்தப் பொத்தானின் மேலேயே இருந்தது. அவள் விரலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். நிதானத்தைப் பார்த்தாள்.

“நான் நிறுத்தினதாலயா?”

நிதானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. பேசாமல் இருக்க அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டதும் அவருக்கே தெரிந்தது.

“தினமும் என்னாலதானா?”

“ஆமாம்மா.”

“அந்தத் தையல்காரர்...”

“அன்னிக்கும் உங்க தேடல் ஓடிக்கிட்டிருந்திருக்கு.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. எழுந்து வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றாள். அதிலிருந்து திரும்பாமலே பேசினாள்.

“எங்கப்பாவுக்கு வண்டி லேட்டா வரலை சார்.”

நிதானம் நிமிர்ந்தார்.

“சரியான நேரத்துக்குத்தான் வந்துச்சு. பதிவுல இருக்கு. முதல் வாரமே பார்த்துட்டேன்.” அவள் குரல் தட்டையாக இருந்தது. “அன்னிக்குக் காலையில அவர் நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டே, ‘என்னமோ கரிக்குதும்மா’ன்னார். நான் தலை சீவிக்கிட்டிருந்தேன். வாயுவா இருக்கும்ப்பா, வெந்நீர் குடிச்சிட்டுப் படுங்கன்னுட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துத்தான் போன் பண்ணினாங்க. அதுக்கப்புறம் ஒரு நிமிஷம்கூட வீணாகலை. வீணானதெல்லாம் அதுக்கு முன்னாடி.”

“பிறகு ஏன் தேடினீங்க?”

“எங்கேயாவது ஒரு தப்பு இருக்கும்னு. சிக்னல்ல, ரோட்டுல, யாரோ ஒரு டிரைவர்கிட்ட. ஏதாவது ஒண்ணு. என்னைத் தவிர வேற ஏதாவது.”

நிதானம் தன் தொழிலில் எத்தனையோ முகத்திரைகளைக் கிழித்தவர். அப்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி எழும். இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது. வேறு யாரிடமாவது சொல்லி, வேறு விதமாக இவளுக்குத் தெரிய வைத்திருக்க முடியாதா என்று மனம் குடைந்தது. கீழே நீலமான உதடு ஒன்று அதற்கு நேரம் கொடுக்கவில்லை. அது உண்மைதான். ஆனாலும் குடைச்சல் நிற்கவில்லை.

மூச்சு முட்டிய அந்தப் பெண்மணி பிழைத்துக்கொண்டாள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தபோது எல்லோரும் டைரக்டர் அறையில் இருந்தார்கள். பூட்டு, அக்காவோடு வந்திருந்தார். நாலாம் மாடிப் பெண்ணைப் பார்த்ததும் அவர் முகம் நிதானத்தின் பக்கம் திரும்பியது. சொல்லிட்டீங்களா என்று அந்தக் கண்கள் கேட்டன. நிதானம் தலை குனிந்துகொண்டார்.

“புகாரை என் பேர்ல கொடுங்க சார்” என்றாள் அந்தப் பெண் டைரக்டரிடம். “ஓட விட்டது நான்.”

“திறந்து விட்டது நான்” என்றார் பூட்டு. “அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சு விட்டவன் நான்.”

“நீங்க பேசாம இருங்கண்ணா. என்னாலதானே நீங்க...”

டைரக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காலையில் விழுங்கியது இப்போது வெளியே வந்தது.

“பழைய பதிவையெல்லாம் தேடறவங்களுக்குத் தனியா ஒரு நகல் வெச்சுக் கொடுக்கலாம்னு இவர் என்னை நச்சரிச்சுக்கிட்டே இருந்தார். அவங்க அதுல என்ன தேடினாலும் கீழே ஒரு திரைகூட அசையாதுன்னார். நான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிட்டேன். சம்பளத் தகராறு இல்லை அது. இதைப் பத்தித்தான் சண்டை.” அவர் புகார்த் தாளை இரண்டாகக் கிழித்தார். “விசாரணைக் கமிட்டிக்கு மூணு பேரும் போவோம். நடந்ததை நடந்தபடி சொல்வோம். அவங்க என்ன செய்யறாங்களோ செய்யட்டும்.”

அக்கா தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்து, மாற்றிப் போட்டிருந்த பொத்தான்களைச் சரியாகப் போட்டு விட்டாள்.  

அன்று மதியமே பூட்டு தன் இருக்கைக்குத் திரும்பினார். வரம்பு மறுபடி வந்தது. பெரிய கேள்விகள் எல்லாம் ஓரத்து வரிசைக்குப் போயின. நாலாம் மாடிப் பெண்ணின் தேடலும் அதே வரிசையில், அதே அளவோடு. “எனக்கு எதையும் திறக்காதீங்க” என்று அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள். பிறகு கைப்பையை எடுத்தாள்.

“எங்கே?” என்றார் பூட்டு.

“தையல்காரர் வீட்டுக்கு. அவங்களுக்குக் கமிட்டி சொல்லித் தெரியக் கூடாது.”

“நானும் வர்றேன்.”

நிதானமும் கடுகும் பின்னாலேயே போனார்கள். யாரும் கூப்பிடவில்லை. வீட்டுக்குத் திரும்ப இருவருக்கும் மனம் வரவில்லை.

தையல் கடை பாதி திறந்திருந்தது. கணவர் தைக்காமல் விட்ட துணிகளை அவரவரிடம் திருப்பிக் கொடுக்க மனைவி கட்டுக் கட்டாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களை வாடிக்கையாளர்கள் என்று நினைத்து, “என்ன துணிம்மா கொடுத்திருந்தீங்க?” என்று கேட்டாள்.

எதிர்ப்பக்கத்தில் ஸ்கூட்டர் அருகே நின்றிருந்த கடுகுக்குப் பேச்சு கேட்கவில்லை. அந்தப் பெண் பேசுவதும், பூட்டு நடுநடுவே ஏதோ சொல்லித் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவதும் மட்டும் தெரிந்தது. தையல்காரரின் மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சார், நாம சரியாத்தான் செஞ்சோமா?” என்றாள் கடுகு.

“கேஸை முடிச்சோம்” என்றார் நிதானம். 

கடை வாசலில் அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுப் படி இறங்கினாள். பின்னால் பூட்டு. இரண்டடி வைத்திருப்பார்கள். தையல்காரரின் மனைவி எழுந்து வாசலுக்கு வந்தாள். அவள் குரல் இந்தப் பக்கம் வரை கேட்டது.

“இங்கே பாரும்மா.”

அந்தப் பெண் நின்றாள்.

“இன்னிக்கு என்னால உனக்கு எதுவும் சொல்ல முடியாது. மனசு கொதிக்குது. திட்டிடுவேன். நீ போயிடு.”

அவள் கதவில் கை வைத்தாள். சாத்தப் போனவள் சாத்தாமல் நின்றாள்.

“இன்னொரு நாள் வா” என்றாள். “ஆனா வா.”